இரண்டாவது பிளக்கில் ஒரு செம்புக் கம்பி

மிதெல்த்
14 நவம்பர் 1993

ஸாயித் அவர்களுக்கு,

சலாம். இங்கே நானும் என் தம்பி பாஸ்ஸுவும் நலம். உங்கள் நலத்துக்கு இறைவன் போதுமானவன்.

போன மாதம் பஸ்ஸில் நீங்கள் கொடுத்தனுப்பிய ஆர்கன் கொட்டை எண்ணெய் வந்தது. மூடி சரியில்லை, பாதி எண்ணெயைக் கண்டக்டரின் பை குடித்துவிட்டது. மீதியை ரொட்டிக்குத் தொட்டுத் தின்கிறோம். உள்ளே கடிதம் ஏதாவது இருக்குமோ என்று பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். எண்ணெய்தான் சொட்டியது.

போன நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் நீங்கள் நம் வீட்டை விட்டுக் கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதையும் உங்கள் டாக்ஸி வண்டிக்காகத்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. கோடை முழுக்க பாஸ்ஸு அதை ரொட்டி அடுப்புக்காரர் கடைச் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டுத்தான் கிளப்பினான். இப்போது மலையில் பனி விழுந்துவிட்டது. பக்கத்து ஊர் ஸைதாவுக்குப் போக வரும் ஆறு பயணிகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளுகிறார்கள். சரிவு முடிகிற இடம் வரைக்கும் போய் அங்கே நின்றுகொள்கிறது. "பாஸ்ஸு, பேசாம ஒரு கழுதய முன்னாடி கட்டிடு. நாங்க உள்ள உக்காந்து வர்றோம்" என்று நேற்று ஆட்டு வியாபாரி சொன்னார். இவன் கோபித்துக்கொண்டு அவரை இறக்கிவிட்டான். இறங்கி வந்த மனிதர் மறுபடி தள்ளத்தான் வேண்டியிருந்தது.

டாஷ்போர்டில் ஒரு சின்னக் கண் இருக்குமே, குமிழை இழுத்தால் அடுப்புக் கங்கு மாதிரி சிவக்குமே, அது இப்போது சிவப்பதே இல்லை. கெட்டிலில் வெந்நீர் கொதிக்க வைத்து இஞ்சின் மேல் ஊற்றுகிறான். நேற்று குமுட்டி அடுப்பையே வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டான். வீடு பற்றிக்கொள்ளுமோ என்று பயந்து வாளியோடு நின்றேன்.

பெரிய விஷயம் இதுதான். டாக்ஸி உரிமத்துக்குச் சொந்தக்காரி லல்லா யிஸ்ஸா வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். தேநீர் கொடுத்தேன். தொடவில்லை. "வருஷம் முடியறதுக்குள்ள வண்டி காலையில ஆறு மணிக்கு ஸ்டாண்டுல நிக்கணும். இல்லேன்னா உரிமத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். எம் புருஷன் சண்டையில கால இழந்து இத வாங்கினது உங்க முத்தத்துல கோழி அடையறதுக்கா?" என்றார். கோழி அடைவது உண்மைதான். பின் இருக்கையில் இரண்டு முட்டை எடுத்தேன்.

உரிமம் போனால் வண்டி இரும்புக் கடைக்குத்தான். வண்டியும் போய்விட்டால் நீங்கள் திரும்பி வந்து செய்வதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் திரும்பி வரப்போகிறீர்களா என்பதும் தெரியவில்லை. இரண்டு கேள்வியில் வண்டிக்காவது பதில் எழுதுங்கள்.

தூதா


பியூக்ரா
24 நவம்பர் 1993

அன்புள்ள தூதாவுக்கு,

சலாம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். வண்டிதான் என்றதும் மூச்சு வந்தது.

நான் நலம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தக்காளி, அதற்குக் கீழே நாங்கள். டிராக்டர் ஓட்டுகிறேன். இங்கே எந்த வண்டிக்கும் சூடேற்றத் தேவையில்லை. சாவியைத் தொட்டால் கிளம்புகிறது. பக்கத்து ஊர்ப் பையன்களிடம் எங்கள் ஊரில் டீசல் உறைந்து மெழுகாகிவிடும் என்று சொன்னேன். நம்பாமல் சிரிக்கிறார்கள்.

வண்டிக்கு வருவோம். குமுட்டி அடுப்பை உடனே எடுத்துவிடச் சொல். வெந்நீரும் வேண்டாம். சில்லிட்ட இரும்பு திடீர்ச் சூட்டில் வெடித்தால் தலை போய்விடும், இஞ்சினின் தலையைச் சொல்கிறேன். பாஸ்ஸுவின் தலைக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் முன்விளக்கைப் போட்டுப் பாருங்கள். பிரகாசமாக எரிந்தால் பேட்டரி சரி. பிறகு பானெட்டைத் திறந்தால் இஞ்சினின் இடது பக்கம் நாலு ஹீட்டர் பிளக் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, தூதா. குளிரில் அதை எரிய வைப்பது இந்த நாலின் சூடுதான். நாலையும் மாலை மாதிரி ஒரே கம்பியில் கோத்திருக்கிறார்கள். ஒன்றைத் தாண்டித்தான் மின்சாரம் அடுத்ததற்குப் போகும். ஒன்று எரிந்துபோனால் நாலுமே சூடாகாது, டாஷ்போர்டில் கண்ணும் சிவக்காது. அதைத்தான் நீ எழுதியிருக்கிறாய்.

எது எரிந்தது என்று கண்டுபிடிக்க மரப்பிடி போட்ட திருப்புளி ஒன்று போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து குமிழைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணையே பார்க்க வேண்டும். இன்னொருவர் ஒரு பிளக்கின் இரண்டு முனையிலும் படுகிற மாதிரி திருப்புளியை வைக்க வேண்டும். நல்ல பிளக் என்றால் ஒன்றும் நடக்காது. எரிந்துபோன பிளக்கில் வைத்தால் பொறி பறக்கும், கண் சிவக்கும். பயப்பட வேண்டாம், ஷாக் அடிக்காது.

நாலாவதிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு மூன்று, பிறகு ஒன்று. இரண்டாவதைத் தொட வேண்டாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன்னுடைய இன்னொரு கேள்விக்குப் பிறகு எழுதுகிறேன். அசதியாக இருக்கிறது. வேலையால் வந்த அசதி இல்லை இது.

கால்களுக்கு உறை போட்டுக்கொண்டு தூங்கு.

ஸாயித்


மிதெல்த்
5 டிசம்பர் 1993

ஸாயித் அவர்களுக்கு,

சலாம். நீங்கள் எழுதியபடியே செய்தோம். செய்தோம் என்றால் நான் செய்தேன். உங்கள் மைத்துனர் திருப்புளியை ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, குளிர் தாங்கவில்லை என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். திரும்ப இழுத்து வந்து இருக்கையில் உட்கார வைத்தேன். "குமிழப் பிடி, கண்ணப் பாரு. உன்னால முடிஞ்சது அதான்" என்றேன். நான் உங்கள் பழைய ஜெல்லாபா அங்கியைத் தலைமூடியோடு மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தேன். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலாக எட்டிப் பார்த்து, நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நினைத்து, "ஸாயித், வந்துட்டியா! அல்லாஹ்வுக்கே புகழ்!" என்று கத்திவிட்டாள். நான் நிமிர்ந்ததும் அவளுக்குத்தான் என்னைவிட அவமானமாகப் போய்விட்டது.

விளக்கு பிரகாசமாக எரிந்தது. நாலாவதில் வைத்தேன், ஒன்றும் இல்லை. மூன்றாவதில் வைத்ததும் படீரென்று பொறி வந்தது, திருப்புளியைக் கீழே போட்டுவிட்டேன். உள்ளேயிருந்து பாஸ்ஸு, "அக்கா! கண்ணு முழிச்சிடுச்சு அக்கா!" என்று குதித்தான். அவன் குதித்ததில் கோழி ஒன்று பறந்து வெளியே வந்தது. ஆகவே எரிந்துபோனது மூன்றாவது.

இரண்டாவதைத் தொட வேண்டாம் என்றீர்கள். தொடவில்லை, ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. அதன் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு செம்புக் கம்பி கட்டியிருக்கிறது. திருப்புளியை வைத்தால் என்ன ஆகுமோ அதையே நிரந்தரமாகச் செய்து வைத்த மாதிரி இருக்கிறது. பாஸ்ஸுவைக் கேட்டேன். "நானா? அந்தப் பக்கம் நான் கையே வெச்சதில்ல. அதெல்லாம் மச்சான் வேல" என்று சத்தியம் செய்கிறான்.

அவன் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். அது உங்கள் முறுக்கு. கிணற்று வாளியின் பிடியையும் என் விளக்கின் காதையும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தீர்கள். மூன்று சுற்று, நுனியை விரலில் குத்தாதபடி உள்ளே மடக்கிவிடுவீர்கள்.

அது எதற்கு அங்கே? எப்போது கட்டினீர்கள்?

வருடம் முடிய இருபத்தாறு நாள் இருக்கிறது. லல்லா யிஸ்ஸா தினமும் தொழுகைக்குப் போகிற வழியில் நம் கதவைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

தூதா


பியூக்ரா
14 டிசம்பர் 1993

அன்புள்ள தூதாவுக்கு,

சலாம். இந்தக் கடிதத்தோடு இரண்டு பிளக் வருகிறது. இன்ஸ்கேன் ஊர்ப் பழைய சாமான் சந்தையில் நாள் முழுக்க அலைந்து எடுத்தேன். நம் வண்டிக்கு உரிய பழைய வகையை யாரும் இப்போது வைத்திருப்பதில்லை. புது வகையைக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான், போட்டுக்கோ ஐயா" என்றான் ஒருத்தன். ஒன்றில்லை. பேட்டரியோடும் ஒரு பல்போடும் கோத்து, பல்பு எரிந்த பிறகுதான் இரண்டும் நல்லது என்று உறுதி செய்தேன். காலுறைக்குள் சுற்றி அனுப்புகிறேன். காலுறையைத் துவைத்துத்தான் அனுப்புகிறேன்.

கழற்றுவதற்கு முன்னால் சுற்றிலும் துடைத்துவிடு, தூசு உள்ளே விழக்கூடாது. ஸ்பேனரை மெதுவாகக் கொடு. வரமாட்டேன் என்றால் கொஞ்சம் டீசலை விட்டு ஒரு மணி நேரம் பொறுத்திரு. முரட்டுத்தனம் செய்தால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும், அப்புறம் இஞ்சினைப் பிரிக்க வேண்டும். ஓட்டைக்குள் கரி படிந்திருக்கும், குச்சியில் துணி சுற்றி எடு. புதியதைக் கையாலேயே திருகு. கை நிற்கிற இடத்துக்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான்.

மூன்றாவதையும் இரண்டாவதையும் மாற்றிவிடு. கண் சிவந்த பிறகும் உடனே குமிழை முழுக்க இழுத்து செல்ஃப் அடிக்கக்கூடாது. நிதானமாக நாற்பது எண்ண வேண்டும். பாஸ்ஸு இருபதிலேயே இழுத்துவிடுவான், அவனை எண்ண விடாதே.

கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய கம்பி. வெட்டித் தூக்கிப் போட்டுவிடு.

இங்கே காலை ஐந்து மணிக்கு வேலை ஒன்றும் கிடையாது, ஏழுக்குத்தான். ஆனாலும் ஐந்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படுத்துக்கொண்டே கிடக்கிறேன். எனக்கு நாற்பத்தொரு வயது என்று இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை, கூட்டித்தான் சொல்கிறார்கள்.

இரும்பைத் தொட்டால் கை வெடிக்கும். வெண்ணெய் தடவிக்கொள்.

ஸாயித்


மிதெல்த்
28 டிசம்பர் 1993

ஸாயித் அவர்களுக்கு,

சலாம். வண்டி கிளம்பிவிட்டது.

மூன்றாவது சுலபமாக வந்தது. இரண்டாவது இரண்டு நாள் அழிச்சாட்டியம் செய்தது. டீசல் விட்டு, பொறுத்து, மறுபடி விட்டு, நேற்று மதியம் ஒரு கிறீச்சோடு அசைந்தது. எனக்கு உயிரே அசைந்த மாதிரி இருந்தது. கரியெல்லாம் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். இன்று காலை தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி விரல் தடிமன் இருந்தது. பாஸ்ஸுதான் முதலில் உட்கார்ந்தான். கண் சிவந்ததும் இவனுக்குப் பொறுக்கவில்லை, இழுத்துவிட்டான். இரண்டு இருமல் இருமியது, முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. "போச்சு அக்கா. இது இனி இரும்புக் கடைக்குத்தான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அவனை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். உங்கள் இருக்கையில் நான் உட்காருவது இதுதான் முதல் தடவை. நாற்பது எண்ணினேன், இருக்கட்டும் என்று அறுபது வரை எண்ணினேன், பிறகு இழுத்தேன். ஒரே உதறல், பிறகு பட பட பட என்று பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப் பக்கம் குலவை போட்டாள்.

ஆறு மணிக்கு ஸ்டாண்டில் நின்றது. லல்லா யிஸ்ஸா வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு ரிப்பேர் பண்ணது?" என்று பாஸ்ஸுவைக் கேட்டிருக்கிறார். "எங்க அக்கா" என்றானாம். "அப்ப சரி, உன்ன நம்பி உரிமம் குடுக்கல, அவள நம்பிக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறி ஸைதா வரைக்கும் போய்வந்தாராம். காசு கேட்க இவனுக்குத் தைரியம் இல்லை.

உரிமம் நிலைத்துவிட்டது. நல்ல செய்தி முடிந்தது.

கம்பியை நான் தூக்கிப் போடவில்லை. இதோ விளக்கின் பக்கத்தில் இருக்கிறது. அது பழைய கம்பி இல்லை. உங்கள் அம்மாவின் ரேடியோவுக்கு ஏரியல் கட்ட போன வருஷம் டிசம்பரில் சந்தையில் ஒரு சுருள் வாங்கினீர்கள், அதன் துண்டு. மீதிச் சுருள் அலமாரியில்தான் இருக்கிறது, இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் டிசம்பருக்கும் ஜனவரி பதினொன்றுக்கும் நடுவில்தான் கட்டியிருக்கிறீர்கள். பதினொன்றுக்குப் பிறகு நீங்கள் அந்த வண்டியைத் தொடவே இல்லை.

எந்த நாள் என்று எழுதுங்கள். அதை எழுதாமல் வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தூதா


பியூக்ரா
5 ஜனவரி 1994

தூதா,

ஜனவரி பத்து, சாயங்காலம். நீ கேட்டுவிட்டாய், எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது பிளக் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே எரிந்துவிட்டது. மெக்னெஸிலிருந்துதான் புதியது வரவேண்டும், பனியால் கணவாய் மூடியிருந்தது. சரிவில் நிறுத்தி உருட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதி சரிவு முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது, அங்கே நிறுத்தினால் வண்டி தானாகவே சறுக்கி அடுப்புக்காரர் கடைக்குள் போய்விடும். முற்றத்தில் விட்டேன். முற்றத்திலிருந்து உருட்ட வழியில்லை. உனக்குப் பிரசவ மாதமும் நெருங்கியிருந்தது. அதனால் செம்புக் கம்பியால் இரண்டாவதைத் தாண்டிவிட்டேன். மற்ற மூன்றும் சூடானால் போதும், கணவாய் திறக்கும்வரை ஓடட்டும் என்று நினைத்தேன். நம் ஊர் டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஒன்றைத் தாண்டிவிட்டால் அதன் பங்கு மின்சாரமும் மற்ற மூன்றின் மேல் ஏறும், அவையும் சீக்கிரம் எரியும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாவது தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு காலை கூடத் தாங்கவில்லை.

பதினொன்றாம் தேதி ஐந்து மணிக்கு உனக்கு வலி எடுத்தது. குமிழை இழுத்தேன். கண் பளிச்சென்று சிவந்து உடனே அணைந்தது. அந்த நிமிடமே மூன்றாவது போயிருக்க வேண்டும். நான் பேட்டரியைப் பார்த்தேன், பம்பைப் பார்த்தேன், டீசல் குழாயை ஊதினேன், வடிகட்டியைக் கழற்றினேன். எல்லாவற்றையும் பார்த்தேன், நான் கட்டிய கம்பி இருந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை. வெங்காய லாரி வந்து நின்றபோது உன்னை ஏற்றிவிட்டு, "நீ போ, அஞ்சே நிமிஷம். பின்னாடியே வந்து பிடிச்சிடறேன்" என்றேன். மதியம் வரைக்கும் பானெட்டுக்குள்தான் இருந்தேன்.

மறுநாள்தான் பஸ் கிடைத்தது, நகரத்து மருத்துவமனைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. அப்போது அந்த நகரத்திலேயே வேலையில் இருந்த பாஸ்ஸு அடக்கமே செய்துவிட்டான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "வண்டி கிளம்பிச்சா?" என்றாய். அதற்குப் பிறகு நாற்பது நாள் ஒரே வீட்டில் இருந்தோம், நீ வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் ஊரை விட்டு வந்தேன். குளிரும் இல்லாத, ஹீட்டர் பிளக்கும் இல்லாத இடமாகத் தேடி வந்தேன். ஆனால் ஐந்து மணிக்குக் கை தானாகக் குமிழைத் தேடுகிறது.

என் பிள்ளையைக் கொன்றது ஒரு முழக் கம்பி, அதைக் கட்டியவன் நான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ என்னோடு இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வீடும் வண்டியும் உனக்கே இருக்கட்டும். நீ பிரிந்துவிட வேண்டும் என்று சொன்னால் காஜியிடம் வந்து எழுதித் தருகிறேன். ஒரு வரி எழுது, போதும்.

ஸாயித்


மிதெல்த்
12 ஜனவரி 1994

என் ஸாயித்துக்கு,

நேற்று அந்த நாள். உங்கள் கடிதம் காலையில் வந்தது. படித்துவிட்டு அடுப்பே பற்ற வைக்கவில்லை. இன்று எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் எழுதிவிட வேண்டும், நிறுத்தினால் இதை அனுப்ப மாட்டேன்.

நீங்கள் கொல்லவில்லை.

லாரி என்னை மருத்துவமனையில் இறக்கியபோது மணி ஒன்பது இருக்கும். அங்கே ஒரு டாக்டர் அம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார். "கடைசியா எப்பம்மா அசைஞ்சது?" என்றார். நேற்று மதியத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை என்றேன். அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். "நேத்தே முடிஞ்சிடுச்சும்மா. நீ ராத்திரியே வந்திருந்தாலும் இதேதான். உம்மேல தப்பில்ல, யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

நீங்கள் முற்றத்தில் அந்தக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தபோதே பிள்ளை இல்லை, ஸாயித். வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியிருந்தாலும் நாம் வெறும் கையோடுதான் திரும்பியிருப்போம்.

அந்தப் பத்தாம் தேதி சாயங்காலம், அசைவே இல்லையே என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வாசல் வரைக்கும் வந்தேன். நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கொஞ்சம் இரு தூதா" என்றீர்கள். சரி, தூங்குகிறதாக்கும் என்று நானும் உள்ளே போய்விட்டேன்.

இதை முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையெல்லாம் கிரீஸோடு என் கட்டிலருகே வந்து நின்றபோது சொல்லியிருக்கலாம். நாற்பது நாளில் எந்த நாளும் சொல்லியிருக்கலாம். நீங்கள் உங்களையே தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே சொல்லவில்லை. இந்தப் பாவத்தை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, பாஸ்ஸுவிடம்கூட.

ஏன் என்று கேட்பீர்கள். வண்டி கிளம்பாததற்காக இல்லை. பனியில் எந்த வண்டியும்தான் நிற்கும். நீங்கள் லாரியில் ஏறவில்லை.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு இடம் செய்து கொடுத்தார்கள். இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்தது. அந்த ஓட்டுநரே, "நீயும் ஏறுப்பா, வண்டி எங்கயும் ஓடிடாது" என்றார். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வண்டியிடம் போனீர்கள். வழி முழுக்கப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், வலிக்கு நடுவில். டாக்டர் அம்மா சொன்னதை நான் தனியாகக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொள்ள முன்பின் தெரியாத நர்ஸ்தான் இருந்தாள். அதற்குத்தான் உங்களைத் தண்டித்தேன். தண்டனை பிள்ளைக்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காஜியிடம் போக வேண்டும் என்றால் அதற்கான காரணம் இப்போது என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை. பாஸ்ஸு சொல்லியிருப்பான். முகத்தை எனக்குக் காட்டினார்கள். உங்கள் நெற்றி.

தூதா


மிதெல்த்
27 ஜனவரி 1994

ஸாயித்துக்கு,

பதினைந்து நாளாகிவிட்டது. தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்பதை விட்டுவிட்டேன், அவர் என்னைக் கண்டாலே தெருவை மாற்றிப் போகிறார்.

வண்டி தினமும் கிளம்புகிறது. காலையில் நான்தான் உட்கார்ந்து எண்ணுகிறேன், பாஸ்ஸு டீ குடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறான். இனி இதுதான் முறை என்று லல்லா யிஸ்ஸாவின் உத்தரவு.

கோபமாக எழுதினாலும் எழுதுங்கள். இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

தூதா


பியூக்ரா
3 பிப்ரவரி 1994

தூதா,

உன் பெரிய கடிதம் வந்த அன்று டிராக்டரை வயலிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். மேஸ்திரி தேடி வந்து திட்டினார். எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருடம், தூதா. முந்நூற்றுச் சொச்சம் காலை ஐந்து மணிக்கு விழித்து அந்தக் குமிழை இழுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் இல்லை. உன்னைத் திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அந்த லாரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீ திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய் என்பது எனக்குத் தெரியாது. நான் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தேன், நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு பிளக்கைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்த எனக்கு நீ தனியாகப் போகிறாய் என்பது தோன்றவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. நீ மறைத்ததையும் என்னால் இன்றே மறந்துவிட முடியாது. கொஞ்ச நாள் ஆகும். அந்தக் கொஞ்ச நாளை இங்கே இருந்து கழிக்க எனக்குத் தெம்பில்லை.

காஜியைப் பற்றி எழுதியதை அடித்துவிடு.

முதலில் பிள்ளையை அடக்கம் செய்த இடத்துக்குப் போக வேண்டும். நான் இன்னும் பார்க்கவில்லை. நீயும் வா.

நோன்பு தொடங்குவதற்குள் வந்துவிடுவேன். அடுத்த புதன்கிழமை கிளம்புகிறேன், அன்று பஸ் கிடையாது. இங்கிருந்து ஒரு தக்காளி லாரி வடக்கே போகிறது, ஸைதா முனையில் இறக்கிவிடுவார்களாம். வியாழன் காலை பாஸ்ஸுவை அங்கே வரச் சொல், நீயும் கூட வந்தால் நல்லது. வண்டியை எண்ணித்தான் கிளப்ப வேண்டும், அவசரப்படாதே.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்ப முடியவில்லை. லாரி ஓட்டுநரிடம் எனக்கு ஒரு இடம் சொல்லிவிட்டேன். மூட்டை மேல்தான் உட்கார வேண்டுமாம், குளிருமாம். பரவாயில்லை. இந்தத் தடவை நான் லாரியில் ஏறிவிடுகிறேன்.

உன்
ஸாயித்